வாலாட்டி வந்துட்டு

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காலிமனையில் தானாக வளர்ந்து நிற்கும் சீமைக்கருவேலத்துக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, அதட்டும் குரலில். பிழிந்த சேலையைக் கொடியில் அப்படியே போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றேன். உச்சிக்கிளையில், பழுப்பு முதுகும் கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டையுமாக உட்கார்ந்திருந்தது. பழுப்புக் கீச்சான். நேற்றுவரை அந்த மரத்தில் அது இல்லை. புரட்டாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

சைபீரியா, மங்கோலியா, வடகிழக்குச் சீனம் என்று குளிர் முந்தி இறங்கும் நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பறவை அது. வந்து சேர்ந்த முதல் சில வாரங்கள்தான் இந்தக் கூச்சல். இந்த மரம் என்னுடையது, இந்த வேலி என்னுடையது என்று சுற்றுவட்டாரத்துக்கு அறிவித்து எல்லை போட்டு முடித்ததும் சத்தம் அடங்கிவிடும். அப்புறம் பங்குனி, சித்திரை வரை அந்த எல்லைக்குள்ளேயே வெட்டுக்கிளியும் ஓணான் குட்டியும் பிடித்துத் தின்றுகொண்டு இருக்கும். ஒரு கீச்சான் ஒரு குளிர்காலம் இருந்த இடத்துக்கே மறு ஆண்டும் திரும்பி வருவதைப் பறவை ஆய்வாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கரகரப்பு காதில் விழுந்ததும் எனக்கு ஆச்சியின் குரல்தான் ஞாபகம் வந்தது. "ஏட்டி, வெறகெல்லாம் உள்ள எடுத்துப் போடு."

எங்கள் ஊர் நாங்குநேரிக்குக் கிழக்கே, செம்மண் பூமி. மணிமுத்தாறு கால்வாயின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. எங்கள் பகுதிக்கு முறை வந்து திறந்துவிட்டால் கால்வாய்த் தண்ணீர். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. ஆனியிலும் ஆடியிலும் மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக வந்து பனைமரங்களை ஆட்டிவிட்டுப் போகும். ஆவணி முழுக்கக் குளம் வெடித்துக் கிடக்கும். அதற்குள் ஆடு மேயும், பையன்கள் பந்து விளையாடுவார்கள். வெடித்த குளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்கு, மழைக்கு முன்னால் வந்து சேர்பவை பறவைகள்.

ஆச்சிக்கு அடையாளம் வாலாட்டி. தொழுவத்துக்கும் கிணற்றடிக்கும் நடுவில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடி எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. புரட்டாசியில் ஏதாவது ஒரு காலையில், சாம்பல் முதுகும் மஞ்சள் அடிவயிறுமாக ஒரு சின்னக் குருவி அங்கே வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடும். இமயமலை ஓடைக்கரைகளிலும் அதற்கும் வடக்கேயும் கூடு கட்டுகிற சாம்பல் வாலாட்டி. சாணி கரைத்த வாளியோடு ஆச்சி அப்படியே நிற்பாள். "வாலாட்டி வந்துட்டு" என்று வீட்டைப் பார்த்துச் சொல்வாள். இன்னாரிடம் என்று இல்லை, வீட்டுக்கே சொல்கிற செய்தி அது.

அன்றைக்கே வேலை தொடங்கிவிடும். முற்றத்தில் அடுக்கியிருந்த உடைமர விறகும் பனைமட்டையும் தொழுவத்துப் பரணுக்கு ஏறும். காய்ந்த வறட்டியை நானும் தம்பியும் கை மாற்றிக் கை மாற்றி உள்ளே அடுக்குவோம். புளிப்பானையின் வாய்க்குத் துணி கட்டி, அடுப்பங்கரையில் ஒழுகாத மூலைக்கு நகர்த்துவாள் ஆச்சி. தொழுவத்துக் கூரைக்குப் பனையோலை மாற்றத் தாத்தா ஆள் சொல்லி அனுப்புவார். ஊர் வேலையும் உண்டு. வாய்க்காலில் மண்டிய புல்லையும் மண்ணையும் வெட்டியெடுக்க, வயல் உள்ள வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். வீட்டில் பஞ்சாங்கம் இருந்தது. வானொலியில் வானிலை அறிக்கை வாசித்தார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் விறகு உள்ளே போனது வாலாட்டியைப் பார்த்துத்தான்.

பறவைதான் மழையைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று ஆச்சி நம்பினாள். பறவைக்கு நம் ஊர் மழையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வடக்கே பகல் குறுகத் தொடங்கியதும் அதன் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் அதைக் கிளப்பிவிடுகிறது. வயிறாரத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில், விண்மீன்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை பிடித்து வருகின்றன. அதே நேரத்தில் தென்மேற்குக் காற்று பின்வாங்கி, ஐப்பசி வாக்கில் வங்கக் கடல் பக்கமிருந்து வாடைக்காற்று திரும்புகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடும். சூரியன் தெற்கே சாய்வதுதான் இரண்டுக்கும் மூலம். ஆச்சி சொன்ன காரணம் வேறு. அவள் வைத்திருந்த கணக்கு சரி.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தாத்தாவோடு வயலுக்குப் போவேன். கஞ்சித் தூக்குவாளி என் கையில், மண்வெட்டி தாத்தா தோளில். அம்மன் கோயிலைத் தாண்டிக் குளத்தங்கரை ஏறினால் இடது கைப்பக்கம் குளம், வலது கைப்பக்கம் வயல். இரண்டையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டே மறுகால்வரை நடக்கலாம். தாத்தா வேகமாக நடக்கிற மனிதர். புரட்டாசி, ஐப்பசியில் மட்டும் கரையில் அவர் நடை மெதுவாகும். மண்வெட்டியை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார்.

"கையை வீசாத ஏட்டி. ஆளைப் பாத்து அது பயப்படாது, கையைப் பாத்துத்தான் பயப்படும். கல்லு எறியது கைதானே."

இன்றைக்கும் வயல்வெளியில் நான் அப்படித்தான் நடக்கிறேன். தூக்குவாளி இருந்தால் அதையும் பின்னால் பிடித்துக்கொள்வேன்.

முதல் மழை விழுந்து குளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியதும் பிசான நெல்லுக்கு உழவு நடக்கும். ஏர் போகப் போகப் பின்னாலேயே கொக்குகள் வரிசை பிடித்து நடக்கும். அவை எந்நாளும் ஊரிலேயே இருப்பவை. அவற்றுக்கு நடுவில், தொளியில் கால் புதையாமல் ஓடித்திரியும் பொரி உள்ளானைத்தான் தாத்தா காட்டுவார். பழுப்பு முதுகில் வெள்ளைப் புள்ளிகள், ஓயாமல் உடம்பைக் குலுக்கிக்கொண்டே இருக்கும். கிட்டே போனால் கூர்மையாக மூன்று நான்கு சீழ்க்கை விட்டுக்கொண்டு எழும்பும். இரண்டு வயல் தள்ளிப் போய் இறங்கும். வட ஐரோப்பாவிலிருந்து சைபீரியாவரை பரந்து கிடக்கிற சதுப்புக் காடுகளில் முட்டையிட்டு வளர்ந்தது அது. எங்கள் வயலின் அரை அடி ஆழத் தொளி அதற்குப் போதுமானதாக இருந்தது. மேட்டுநிலத்தில் மாடு மேயும் இடத்தில் மஞ்சள் வாலாட்டிகள். புல்லைக் கடிக்கும் மாட்டின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், அதன் குளம்புகளுக்கு இடையிலேயே ஓடும். மாடு காலை எடுத்துவைக்கும்போது புல்லிலிருந்து எழும்பும் பூச்சி அதற்கு. ஒரு நாளும் ஒரு வாலாட்டியையும் மாடு மிதித்து நான் பார்த்ததில்லை.

கரையின் மேல் உயரமாகத் தகைவிலான்கள் பறந்துகொண்டிருக்கும், தண்ணீருக்கு மேல் தாழ்ந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போகும். மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள். எங்கள் ஊரிலேயே இருக்கிற பச்சைப் பஞ்சுருட்டானை விடப் பெரியவை, குரலும் தனி. அந்தக் குரல் வானத்தில் கேட்டால் தாத்தா நிமிர்ந்து பார்க்காமலே "வந்துட்டாம்லா" என்பார். மானாவாரிக் காட்டுப் பக்கம் போனால் பூனைப்பருந்து. சோளப்பயிரின் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், சிறகை வளைத்துப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகச் சாய்ந்தபடி போய்க்கொண்டே இருக்கும். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வந்து நம் புஞ்சைக்காட்டில் எலியும் வெட்டுக்கிளியும் தேடுகிற பறவை. ஊர்ப் பருந்து கோழிக்குஞ்சைத் தூக்கும் என்று கல்லெடுக்கிற பையன்களைத் தாத்தா இந்தப் பருந்துப் பக்கம் எறிய விடமாட்டார்.

அதே நாட்களில் தட்டான்களும் வரும். சாயங்காலம் கரை முழுக்க, நெஞ்சு உயரத்தில், எண்ண முடியாத தட்டான்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவை எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று நாங்கள் கேட்டதில்லை. மாலத்தீவில் குடியிருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் ஆய்வாளர், நன்னீர்க் குளம் அநேகமாக இல்லாத அந்தத் தீவுகளில் ஆண்டுதோறும் அக்டோபரில் தட்டான்கள் வந்து குவிவதைக் கவனித்துக் குறித்துவைத்தார். அவை இந்தியாவிலிருந்து கிளம்பிக் கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்று 2009ல் எழுதினார். அதைப் படித்த அன்று எங்கள் குளத்தங்கரையில் நெஞ்சு உயரத்தில் பறந்த கூட்டத்தை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வலையில் பிடித்து வாலில் நூல் கட்டி விளையாடிய பூச்சி, இந்தியப் பெருங்கடலைத் தாண்டப் புறப்பட்டது.

ஐப்பசித் தூறலில் ஓர் இரவு, எங்கள் திண்ணைக்கு ஒரு பறவை வந்து விழுந்தது. தெருவில் அப்போதுதான் குழல்விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் தடுமாறி இறங்கியிருக்க வேண்டும். சுவரோரம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, மஞ்சள் கலந்த வயிறு, வால் அடியில் சிவப்பு, தோளில் நீலம், கண்ணில் கறுப்புப் பட்டை. அவ்வளவு நிறம் உள்ள பறவையை நாங்கள் யாரும் அதுவரை கிட்டத்தில் பார்த்திருக்கவில்லை. தம்பி தண்ணீர் கொண்டு வந்தான். ஆச்சி அதைத் தொட விடவில்லை. "பயத்துலயே செத்துரும்லா" என்று சொல்லி, பெரிய கடகப்பெட்டியை மெதுவாக அதன் மேல் கவிழ்த்தாள். ஓரத்தில் காற்றுப் போக ஒரு சிரட்டையை அணைகொடுத்தாள். பூனைக்காகத் தாத்தா அன்று திண்ணையிலேயே படுத்தார்.

விடிந்ததும் கொல்லையில் வேப்பமரத்தடிக்குப் பெட்டியோடு கொண்டுபோய்த் திறந்தார். பறந்துவிடும் என்று நினைத்தோம். அது பறக்கவில்லை. இரண்டு தத்துத் தத்தி, நின்று, காலடியில் கிடந்த சருகு ஒன்றை அலகால் புரட்டிப் போட்டது. அடுத்த சருகையும் புரட்டியது. அங்கே ஒரு புழு கிடைத்தது. நாங்கள் நால்வரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, அது பாட்டுக்குச் சருகு புரட்டிக்கொண்டே கொல்லையின் கோடிக்குப் போய்விட்டது.

அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் முட்டையிட்டு, மழைக்காலம் முடிந்ததும் தெற்கேயும் இலங்கைக்கும் வருவது. இரவில் பறந்து வருகிற களைப்பில் வீடுகளுக்குள்ளும் தோட்டங்களிலும் விழுவது அதன் வழக்கம். புரட்டாசி, ஐப்பசியில் பல ஊர்களில் இப்படி நடக்கிறது. எங்கள் கொல்லையில் விழுந்தது எங்கேயும் போகவில்லை. கிணற்றுக்குப் பின்னால் எலுமிச்சையும் நந்தியாவட்டையும் அடர்ந்த நிழலில் தங்கிவிட்டது. கண்ணில் அதிகம் படாது. விடியும்போதும் விளக்கு வைக்கும் நேரத்திலும் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை மட்டும் கேட்கும். கேட்டதும் ஆச்சி திரியைத் தூண்டுவாள். பங்குனி வெயில் ஏறியபோது ஒரு சாயங்காலம் அந்தச் சத்தம் இல்லை. அடுத்த வருஷம் அந்தக் கொல்லையில் சருகு கூட்ட ஆச்சி யாரையும் விடவில்லை. ஐப்பசி நடுவில் சீழ்க்கை மறுபடி கேட்டது.

வந்தவை எல்லாவற்றையும் ஊர் இப்படி வரவேற்றது என்று சொல்ல மாட்டேன். சோளக்குருவியை விரட்டுவதற்கென்றே தை மாதத்தில் எங்களுக்கு வேலை இருந்தது. இளஞ்சிவப்பு முதுகும் கறுப்புத் தலையும் சிறகுமாக, நாகணவாய் அளவில் இருக்கும். ஆவணி, புரட்டாசியிலேயே வந்துவிடும். பால்பிடித்த சோளக்கதிரில் இறங்கும்போதுதான் ஊர் அதைக் கவனிக்கும். கூட்டம் எழும்பினால், விரித்த போர்வையை வானத்தில் யாரோ உதறுவதுபோல் சுருண்டு விரியும். அத்தான் பரணில் நின்று கவண் சுற்றுவான். நானும் தம்பியும் கீழே தகரம் தட்டுவோம். கூட்டம் அடுத்த புஞ்சையில் இறங்கும், அங்கே தகரச் சத்தம் தொடங்கும். இப்படி ஊரைச் சுற்றிச் சத்தம் நகர்ந்துகொண்டே போகும்.

இதே சோளக்குருவிக்கு, அது கூடு கட்டுகிற மத்திய ஆசியாவில் வேறு மரியாதை. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில், மேய்ச்சல் நிலத்தை மொட்டையடிக்கும் வெட்டுக்கிளியை இந்தப் பறவைகள் கூட்டமாகத் தின்று தீர்ப்பதால், அவை கூடு கட்ட வசதியாக அங்கே கல் அடுக்கிக் கொடுக்கிறார்கள். பூச்சிமருந்தைக் குறைக்க அரசே எடுத்த ஏற்பாடு. இங்கேயும் கதிர் முற்றும் சில வாரங்கள் தவிர மற்ற நாளெல்லாம் அது புஞ்சையில் பொறுக்கியது வெட்டுக்கிளியையும் புழுவையும்தான். தாத்தாவிடம் இதைச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை. சொல்லியிருந்தால் யோசிப்பார். கவணை நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார். கதிர் அறுத்த பிறகு புஞ்சையில் அவை இறங்கும்போது நின்று பார்த்திருப்பார்.

உள்ளானும் சந்தைக்கு வந்ததுண்டு. கண்ணி வைத்துப் பிடித்து, காலைச் சேர்த்துக் கட்டிக் கொத்தாகத் தொங்கவிட்டு விற்பார்கள். பேறுகாலம் முடிந்த பெண்ணுக்கு நல்லது என்று வாங்குவார்கள். எங்கள் வீட்டிலும் மிளகு அரைத்துப்போட்டுச் சமைத்ததுண்டு. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் சந்தைக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. இப்போது அந்த வியாபாரம் எங்கள் பக்கம் கண்ணில் படுவதில்லை. அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

மார்கழி விடுமுறையில் தம்பியும் நானும் சைக்கிளில் கூந்தன்குளம் போவோம். தம்பி மிதிப்பான், நான் பின்னால். 1994ல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் பொறுப்பில் வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு வைத்தால், எச்சம் விழுந்து கூரையும் முற்றமும் வெளுத்துப்போனாலும் கலைக்க மாட்டார்கள். எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அனுபவம். நாங்கள் போனது வரித்தலை வாத்துக்காக. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. பகலில் கரையோரம் கழுத்தை முதுகில் சாய்த்துக் கூட்டமாக ஓய்வெடுக்கும். பொழுது சாயும்போது ஒன்று குரல் கொடுக்கும், இன்னொன்று பதில் சொல்லும், பிறகு எல்லாமாக எழும்பி வயலுக்கு மேயப் போகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம். வீட்டுக்கு வர இருட்டிவிடும், தினமும் ஏச்சு விழும்.

அந்த வாத்து மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் இமயமலையைத் தாண்டி வருவது. உடம்பில் கருவி பொருத்திப் பார்த்தவர்கள், 7,290 மீட்டர் உயரத்தில் அது பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னால் தள்ளுகிற காற்றுக்காகக்கூட அது காத்திருப்பதில்லை. காற்று அடங்கிய இரவிலும் அதிகாலையிலும், மலையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே ஏறி இறங்கித் தன் பலத்தில் கடக்கிறது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டிருக்கின்றன. அவ்வளவு தூரம் வந்த பறவை, எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவரின் வயல் வரப்பில் நின்று புல் கடித்துக்கொண்டிருந்தது.

இப்போது ஊருக்குப் போனால் கரைக்கு என்னோடு வருவது தம்பி மகள். கல்லூரியில் படிக்கிறாள். கழுத்தில் இருநோக்கி, கையில் செல்போன், அதில் பார்த்த பறவையெல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், 2011லிருந்து தை மாதத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் கலந்துகொள்கிறாள். போன ஐப்பசியில் கரையில் போகும்போது வேலிக்குள்ளிருந்து 'டக்... டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிற சத்தம். ஏதோ பூச்சி என்று கடந்து போய்க்கொண்டிருந்தோம் எல்லாரும்.

"அத்தை, நில்லுங்க. அது நாணல் கதிர்க்குருவி" என்றாள்.

வெகுநேரம் நின்ற பிறகு இலைகளுக்கு நடுவில் ஒரு வினாடி தெரிந்தது. மங்கிய பழுப்பு நிறம், ஓர் அடையாளமும் இல்லாத உடம்பு. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். பின்லாந்திலிருந்து சைபீரியாவரை எங்கேயோ ஒரு புதரில் பிறந்து, எங்கள் ஊர் வேலிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவள் சொன்ன பிறகு கரையின் இரண்டு பக்கமும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. எங்கள் தலைமுறைக்குக் கண் இருந்தது; இவளுக்குக் காதும் இருக்கிறது. தாத்தா இருந்தால் மண்வெட்டியை இவளிடம்தான் தந்திருப்பார்.

ஆனால் அவள் பார்க்கக் கொடுத்துவைக்காதவையும் உண்டு. ஊரில் உழவு மாடு இல்லை. மேய்ச்சல் மாடும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மஞ்சள் வாலாட்டி வருகிறது, மாடு இல்லாத புல்லில் ஓடுகிறது. சோளமும் கம்பும் விதைத்த மானாவாரிக் காட்டில் மனைக்கல் ஊன்றிக் கிடக்கிறது. மீதி இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு வாழை. பூனைப்பருந்தைப் பார்க்க நான் சின்ன வயதில் நிமிர்ந்தால் போதும். இப்போது அவளுக்கு ஒன்றைக் காட்டவேண்டும் என்று ஒரு முழுச் சாயங்காலம் தேடியும் கிடைக்கவில்லை. புல்வெளியும் புஞ்சையும் போனால் அந்தப் பருந்துக்கு இங்கே இறங்க இடமில்லை. இது என் மனதை அறுக்கிறது.

மழையும் தன் கணக்கை விட்டுவிட்டது. வாலாட்டி இன்னும் புரட்டாசியில்தான் வருகிறது. விறகை உள்ளே போடுகிற வீடும் இல்லை, போட்டாலும் மழை எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. ஐப்பசி காய்ந்து கிடந்து, 2023ல் மார்கழி பிறந்த நேரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரையோர ஊர்களுக்குள் புகுந்தது, குளங்கள் உடைந்தன. எங்கள் குளம் தப்பியது. மறுகால் மூன்று நாள் நிற்காமல் பாய்ந்தது. பறவையின் கடிகாரம் பகல் வெளிச்சத்தில் ஓடுவது, அதை நாம் கெடுக்க முடியவில்லை. கெட்டது அது வந்து இறங்குகிற இடமும் நம் வானமும். சரியான நாளில் வந்து சேர்கிற விருந்தாளிக்கு வீட்டைத் தயாராக வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இப்போது குளத்து மரங்களைப் பற்றிய கவலை.

1981 வாக்கில் சுவீடன் நாட்டு உதவியோடு வந்த சமூகக் காடுகள் திட்டத்தில், தமிழ்நாட்டின் பல குளங்களுக்குள் கருவேலம் வைத்தார்கள். விறகுக்காக வைத்தது. எங்கள் குளத்திலும் வைத்தார்கள். தாத்தா அன்றைக்கு, தண்ணீர் நிற்கிற இடத்தில் மரமா என்று முணுமுணுத்தார். தண்ணீருக்குள் நிற்கிற முள்மரத்தைவிடப் பாதுகாப்பான இடம் பறவைக்கு இல்லை என்பதை, மரங்கள் வளர்ந்த பிறகு குளம் பெருகிய முதல் வருஷமே பார்த்தோம். வக்காவும் அரிவாள்மூக்கனும் நத்தைக்குத்தி நாரையும் அடைந்தன. இருட்டும் முன் சோளக்குருவிக் கூட்டம் வந்து அந்த மரங்களில்தான் இறங்கும். அடங்கும்வரை அந்த இரைச்சல் ஊர்வரை கேட்கும்.

அந்த மரங்கள் இந்த வருஷம் ஏலத்துக்கு வந்திருக்கின்றன. ஏலப் பணத்தில் ஊராட்சிக்கும் பங்கு உண்டு. கரை பலப்படுத்த அந்தப் பணம் வேண்டியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்ட வேண்டாம், மறுகால் பக்கத்துத் தோப்பை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதையும் வந்தவை திரும்பிப் போன பிறகு சித்திரை கழிந்து வெட்டுங்கள் என்று தம்பி ஒரு மனு எழுதியிருக்கிறான். தம்பி மகள் அதோடு இரண்டு வருஷக் கணக்கெடுப்பை இணைத்திருக்கிறாள்: எந்த மாதம், எந்த மரத்தில், எத்தனை. மேலத்தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சோளம் விதைத்த காலத்தில் எங்களோடு தகரம் தட்டிய ஒருவர் மட்டும், "அந்தக் குருவிக்கா?" என்று கேட்டுவிட்டு, மனுவை இரண்டு தரம் படித்துப் பார்த்து, கடைசியில் போட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன். கீழத்தெருவில் இன்னும் பாதி வீடு பாக்கி இருக்கிறது.